குடும்ப மாதிரி ரயிலுக்கான சிக்கனத் தண்டவாளம்

மாதிரி ரயில் என்பது உண்மையான எஞ்சினையும் பெட்டிகளையும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்து, சிறிய தண்டவாளத்தின் மீது மின்சாரத்தால் ஓடவிடும் பொழுதுபோக்கு ஆகும். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய இடங்களில் பல தலைமுறைகளாகக் குடும்பங்கள் இதில் ஈடுபட்டு வருகின்றன. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில், துண்டு துண்டாக வாங்கி விரிவாக்கக்கூடிய பொம்மை ரயில் பாதையைக் காட்சிக்கு வைத்தது. இன்று கடைகளில் கிடைக்கும் எல்லாத் தண்டவாள வகைகளும் அந்த எண்ணத்தின் வளர்ச்சியே.

புதிதாகத் தொடங்கும் குடும்பம் வழக்கமாக எஞ்சினின் அழகைப் பார்த்துப் பெட்டியை வாங்குகிறது. தண்டவாளம் பெட்டியோடு வருவதாக இருந்துவிடுகிறது. ஆனால் ரயில் தடையின்றி ஓடுமா, அடிக்கடி நிற்குமா என்பதைப் பெரும்பாலும் தண்டவாளமே முடிவு செய்கிறது. சுற்றுக்கு இரண்டு முறை நின்று, விரலால் தள்ளினால்தான் நகரும் ரயிலை எந்தக் குழந்தையும் நீண்ட நாள் விரும்பாது. சில வாரங்களில் அது பரணுக்குப் போய்விடும்; செலவிட்ட பணம் முழுவதும் வீணாகும். ஆகவே சிக்கனமான தண்டவாளம் என்றால் விலைச்சீட்டில் மிகக் குறைந்த எண் உள்ளது அல்ல. இருக்கும் இடத்தில் அடங்கி, நிற்காமல் ஓட்டி, பின்னால் விரிவாக்கும்போதும் பயன்படுவதே சிக்கனமானது. அதைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

## தண்டவாளம் செய்யும் வேலைகள்

மாதிரி ரயிலின் தண்டவாளம் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, சக்கரங்களைத் தடம் புரளாமல் வழிநடத்துவது. இரண்டாவது, எஞ்சினில் உள்ள மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொண்டு செல்வது. பெரும்பாலான அமைப்புகளில் இடக் கம்பி ஒரு முனையாகவும் வலக் கம்பி மறு முனையாகவும் இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் நேர்மின்சாரம், வழக்கமாக 12 வோல்ட் வரை, ஒரு கம்பி வழியாகச் சென்று எஞ்சினின் சக்கரங்கள் வழியாக மோட்டாரை அடைந்து மறு கம்பி வழியாகத் திரும்புகிறது. வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் ரயில் பின்னோக்கி ஓடும்.

இதனால் கம்பியில் படியும் அழுக்கு, துரு, தளர்ந்த இணைப்பு ஆகிய எதுவும் நேரடியாக ரயிலின் ஓட்டத்தைப் பாதிக்கும். எஞ்சின் பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துச் செல்லப்படும் பல சமயங்களில் குறை தண்டவாளத்தில்தான் இருக்கும்.

## முதலில் இடம், பிறகு அளவு

தண்டவாளம் வாங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, வீட்டில் ரயிலுக்கு ஒதுக்கக்கூடிய இடத்தை அளப்பது. இடமே மாதிரியின் அளவையும், வளைவின் ஆரத்தையும், வாங்க வேண்டிய துண்டுகளின் எண்ணிக்கையையும் முடிவு செய்கிறது. பரவலாகக் கிடைக்கும் அளவுகள் வருமாறு:

- எச்.ஓ.: விகிதம் 1:87, கம்பிகளின் இடைவெளி 16.5 மி.மீ. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகப் பரவலானது.
- ஓ.ஓ.: விகிதம் 1:76, இடைவெளி அதே 16.5 மி.மீ. பிரிட்டனில் பரவலானது. எச்.ஓ. தண்டவாளத்திலேயே ஓடும்.
- ‘என்’ அளவு: இடைவெளி 9 மி.மீ. விகிதம் பொதுவாக 1:160, பிரிட்டனில் 1:148. ஜப்பானில் பெரும்பாலும் 1:150. சிறிய வீடுகளுக்கு ஏற்றது.
- ‘இசட்’ அளவு: விகிதம் 1:220, இடைவெளி 6.5 மி.மீ. மெர்க்லின் 1972இல் அறிமுகப்படுத்தியது. மிகச் சிறியதாகையால் சிறுவர் கைகளுக்கு எளிதல்ல.
- ‘ஜி’ அளவு: இடைவெளி 45 மி.மீ. தோட்டத்தில் ஓடவிடத்தக்கது. தண்டவாளச் செலவு மிக அதிகம்.

குடும்பத்துக்கான தேர்வு பெரும்பாலும் எச்.ஓ., ஓ.ஓ., ‘என்’ ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் கையாளுவதாக இருந்தால் எச்.ஓ. அல்லது ஓ.ஓ. நல்லது, சக்கரங்களைத் தண்டவாளத்தில் ஏற்றி வைப்பது எளிது. இடம் மிகக் குறைவாக இருந்தால் ‘என்’ அளவே வழி.

இந்திய ரயிலைப் போன்ற மாதிரி வேண்டும் என்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். எச்.ஓ. அளவின் 16.5 மி.மீ. என்பது 1,435 மி.மீ. கொண்ட ஸ்டாண்டர்டு கேஜ் பாதையைச் சிறிதாக்கியது. இந்தியாவின் அகல ரயில் பாதை 1,676 மி.மீ.; அதே விகிதத்தில் அது சுமார் 19.3 மி.மீ. ஆக இருக்க வேண்டும். அந்த அகலத்தில் தண்டவாளத்தைத் தாமே செய்துகொள்வது கடினமான வேலை. சிக்கனம் கருதுவோர் கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையையே ஏற்றுக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது.

## கம்பியின் உலோகம்

தண்டவாளக் கம்பிகள் பொதுவாக மூன்று உலோகங்களில் வருகின்றன.

எஃகு: விலை குறைவு. தொடக்கப் பெட்டிகள் சிலவற்றில் இதுவே இருக்கும். ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் இதன் குறை விரைவில் தெரியும்.

பித்தளை: மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் அதன் மேற்பரப்பு விரைவில் மங்கிப்போகும். அந்தப் படலம் மின்தொடர்பைக் கெடுக்கும். அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். தோட்டத்தில் ஓடும் ‘ஜி’ அளவு ரயில்களுக்குக் கனமான பித்தளைக் கம்பிகள் இன்றும் பயன்படுகின்றன. வீட்டுக்குள் ஓடும் சிறிய ரயிலுக்கு அது ஏற்றதல்ல.

நிக்கல் சில்வர்: செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த கலப்புலோகம். பெயரில் சில்வர் இருந்தாலும் இதில் வெள்ளி இல்லை. தமிழ்நாட்டில் பாத்திரங்களையும் பூசைப் பொருள்களையும் பற்றிப் பேசும்போது அடிபடும் ‘ஜெர்மன் சில்வர்’ என்ற பெயர் இந்தக் கலப்புலோகத்துக்கு உரியதே. இது துருப்பிடிக்காது, மெதுவாகவே மங்கும். எனவே துடைக்கும் வேலை குறைகிறது.

மூன்றில் நிக்கல் சில்வரே நீண்ட காலத்தில் சிக்கனமானது. அமெரிக்காவின் பாக்மன் நிறுவனத்தின் ஈசி டிராக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் கறுப்பு நிற அடித்தளம் கொண்ட துண்டுகள் எஃகுக் கம்பி உடையவை; சாம்பல் நிற அடித்தளம் கொண்டவை நிக்கல் சில்வர் கம்பி உடையவை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். வாங்குவோர் நிறத்தைப் பார்த்தே உலோகத்தை அறிந்துகொள்ளலாம்.

பெயர் தெரியாத தண்டவாளமாக இருந்தால் ஒரு சிறிய காந்தத்தைக் கம்பியில் வைத்துப் பார்க்கலாம். ஒட்டிக்கொண்டால் அது எஃகு. ஒட்டாமல் மஞ்சளாக இருந்தால் பித்தளை. ஒட்டாமல் வெள்ளி நிறமாக இருந்தால் பெரும்பாலும் நிக்கல் சில்வர்.

## கம்பியின் உயரம்

தண்டவாளப் பெட்டிகளின் மீது ‘கோடு 100’, ‘கோடு 83’ என்பன போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். இவை கம்பியின் உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறிக்கின்றன. கோடு 100 என்றால் 0.100 அங்குலம், அதாவது 2.54 மி.மீ. கோடு 83 என்றால் சுமார் 2.1 மி.மீ. ‘என்’ அளவில் கோடு 80, கோடு 55 ஆகியவை பரவலானவை.

எண் குறையக் குறையக் கம்பி மெல்லியதாகி, பார்வைக்கு உண்மையான பாதையை ஒத்திருக்கும். குடும்பப் பயன்பாட்டுக்கு உயரமான கம்பியே நல்லது. அது எளிதில் வளையாது. பழைய எஞ்சின்களின் சக்கர விளிம்பு ஆழமாக இருந்தாலும் சிலீப்பரில் இடிக்காமல் ஓடும். பழைய பெட்டிகள், உறவினர் கொடுத்த எஞ்சின்கள் ஆகியவற்றையும் ஓட்ட நினைப்போர் எச்.ஓ. அளவில் கோடு 100ஐத் தேர்ந்தெடுக்கலாம். வெவ்வேறு உயரக் கம்பிகளை நேரடியாக இணைத்தால் இணைப்பில் படி போன்ற ஏற்றத்தாழ்வு உண்டாகும். இடையில் அதற்கான மாற்றுத் துண்டு வேண்டும்.

## மூன்று வகைத் தண்டவாளங்கள்

### சாதாரணத் துண்டுத் தண்டவாளம்

பிளாஸ்டிக் சிலீப்பர்களின் மீது கம்பிகள் பதித்த, குறிப்பிட்ட நீளமும் வளைவும் கொண்ட துண்டுகள் இவை. அட்லஸ் நிறுவனத்தின் ஸ்நாப் டிராக், பிரிட்டனின் ஹார்ன்பி, பீக்கோ நிறுவனங்களின் துண்டுகள் இவ்வகை. துண்டுகளின் முனைகளில் உள்ள சிறிய உலோக இணைப்புத் தகடுகள் அடுத்த துண்டின் கம்பியைப் பிடித்துக்கொள்கின்றன. பலகையில் ஆணியடித்து நிலையாகப் பதிப்பவருக்கு இது மலிவான வழி. தரையில் விரித்து ஒவ்வொரு நாளும் கழற்றுவதற்கு இது ஏற்றதல்ல. தகடுகள் தளர்ந்து, மின்தொடர்பு விட்டுவிட்டு வரும்.

### அடித்தளத்துடன் வரும் துண்டுகள்

ஜல்லி மேட்டைப் போன்ற பிளாஸ்டிக் அடித்தளத்தின் மீது பதித்துவரும் துண்டுகள் இவை. அடித்தளங்களே ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால் தரையிலும் மேசையிலும் அசையாமல் நிற்கும். ஜப்பானின் காட்டோ நிறுவனத்தின் யூனிடிராக், டோமிக்ஸ் நிறுவனத்தின் ஃபைன் டிராக், பாக்மன் ஈசி டிராக் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. யூனிடிராக்கில் இணைப்புத் தகடுகள் தனியே கழற்றி மாற்றத்தக்கவை. தேய்ந்தால் முழுத் துண்டையும் தூக்கியெறிய வேண்டியதில்லை.

துண்டுக்குத் துண்டு விலை பார்த்தால் இவ்வகை சாதாரணத் துண்டைவிட அதிகம். ஆனால் பலகை, ஆணி, ஜல்லி, ஒலியைக் குறைக்கும் கார்க் விரிப்பு ஆகியவை இல்லாமலேயே ஓட்டத் தொடங்கலாம். நிலையான இடம் இல்லாத வீட்டுக்கு இதுவே உண்மையில் சிக்கனம்.

### வளையும் தண்டவாளம்

சுமார் ஒரு கெஜம், அதாவது 36 அங்குல நீளத்தில் வரும் இத்தண்டவாளத்தை விரும்பிய வளைவுக்கு வளைக்கலாம். ஒரு மீட்டருக்கான விலையைக் கணக்கிட்டால் பெரும்பாலும் இதுவே மலிவு. இணைப்புகள் மிகக் குறைவு என்பதால் மின்சாரமும் நன்றாகச் செல்லும். ஆனால் வளைக்கும்போது உள்பக்கக் கம்பி வெளியே நீளும்; அதை நறுக்கி அரம் கொண்டு தேய்க்க வேண்டும். வளைவில் இணைப்பு வந்தால் இரண்டு துண்டுகளையும் நேராக வைத்துச் சால்டரிங் செய்த பின் வளைக்க வேண்டும். ஆகவே கருவியும் பொறுமையும் உள்ள பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால்தான் இது பயன்படும். ஒருமுறை பதித்தபின் வேறு வடிவத்துக்கு மாற்றுவதும் கடினம்.

## நிறுவனங்களுக்கிடையே பொருத்தம்

ஒரே அளவு என்பதால் எல்லாத் தண்டவாளமும் இணையும் என்று எண்ணக் கூடாது. கம்பி இடைவெளி ஒன்றாக இருந்தால் ஒரு நிறுவனத்தின் ரயில் மற்றொரு நிறுவனத்தின் பாதையில் ஓடும். ஆனால் துண்டுகள் இணையுமா என்பது வேறு கேள்வி.

- ஹார்ன்பி, பீக்கோ நிறுவனங்களின் கோடு 100 துண்டுத் தண்டவாளங்கள் ஒன்றோடொன்று இணையும். இதனால் பிரிட்டனில் வாழும் குடும்பங்கள் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கிச் சேர்க்க முடிகிறது.
- காட்டோ, டோமிக்ஸ், பாக்மன் ஆகியவற்றின் அடித்தளப் பூட்டுகள் வெவ்வேறானவை. ஒன்றை மற்றொன்றுடன் நேரடியாகப் பூட்ட முடியாது. இடையில் மாற்றுத் துண்டு தேவை.
- மெர்க்லினின் எச்.ஓ. தண்டவாளம் அடிப்படையிலேயே வேறுபட்டது. அதில் இரண்டு கம்பிகளும் சேர்ந்து ஒரு முனை. நடுவில் சிலீப்பர்களில் தெரியும் சிறிய உலோகப் புள்ளிகள் மறு முனை. சாதாரண இருகம்பி எஞ்சின் அதில் ஓடாது. மெர்க்லின் பெட்டிகளைச் சாதாரணத் தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

முதல் பெட்டியை வாங்கும்போதே அந்த வகைத் தண்டவாளத்தின் தனித்துண்டுகள் தங்கள் ஊரிலோ இணையக் கடையிலோ தொடர்ந்து கிடைக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். நீள்வட்டத்துக்கு மேல் ஒரு துண்டுகூடச் சேர்க்க முடியாத மலிவுப் பெட்டி, விரைவில் இரண்டாவது பெட்டி வாங்கும் செலவைக் கொண்டுவரும்.

## பாயிண்ட் என்னும் செலவு

ஒரு பாதையை இரண்டாகப் பிரிக்கும் துண்டு பாயிண்ட் எனப்படுகிறது. ஒரு பாயிண்டின் விலை பல நேர்த்துண்டுகளின் விலைக்குச் சமம். குடும்ப அமைப்பின் தண்டவாளச் செலவு எகிறுவது பெரும்பாலும் இங்கேதான். அதே நேரத்தில் பாயிண்ட் இல்லாத நீள்வட்டம் விரைவில் சலித்துவிடும். இரண்டு பாயிண்டுகள் இருந்தாலே பெட்டிகளைக் கழற்றி நிறுத்தவும், மாற்றிக் கோக்கவும், ஒரு ரயில் காத்திருக்க மற்றொன்று கடந்து போகவும் முடியும். விளையாட்டு ரயில் ஓட்டுவதிலிருந்து ரயில் நிலையம் நடத்துவதாக மாறுகிறது.

செலவைக் குறைக்கும் வழிகள்:

1. கையால் தள்ளி மாற்றும் பாயிண்டுகளை வாங்குதல். மின்சாரத்தால் மாறுபவை விலை அதிகம். மேசை அமைப்பில் கை எட்டும் தூரத்தில் அவற்றுக்குத் தேவையும் இல்லை. பல வகைகளில் மின்மோட்டாரைப் பின்னர் தனியாகச் சேர்க்கலாம்.
2. இரண்டில் தொடங்கி, அவற்றின் பயன் தெரிந்தபின் மூன்றாவதை வாங்குதல்.
3. எல்லாவற்றிலும் மலிவான, பெயரில்லாத பாயிண்டைத் தவிர்த்தல். தடம் புரளுதல் அதிகம் நிகழும் இடம் பாயிண்டே. நேர்த்துண்டில் மிச்சம் பிடிக்கலாம், இதில் கூடாது.

பாயிண்டில் கம்பிகள் குறுக்கிடும் முனை சில வகைகளில் பிளாஸ்டிக்கால் ஆனது. சிலவற்றில் உலோகத்தால் ஆனது. பிளாஸ்டிக் முனைக்குத் தனி மின்னிணைப்பு தேவையில்லை. அதனால் தொடங்குவோருக்கு எளிது. ஆனால் நான்கே சக்கரங்கள் கொண்ட மிகச் சிறிய எஞ்சின் அதன் மீது மெதுவாகச் செல்லும்போது மின்சாரம் அற்று நின்றுவிடலாம். எல்லாச் சக்கரங்களிலும் மின்சாரம் எடுக்கும் நீளமான எஞ்சினுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

## இரண்டு கணக்குகள்

8க்கு 4 அடி பலகையில் எச்.ஓ.: அமெரிக்காவில் தொடங்குவோர் பலர் ஒரு முழு பிளைவுட் பலகையை அப்படியே பயன்படுத்துகின்றனர். நம் ஊர்க் கடைகளிலும் முழுப் பலகை 8க்கு 4 அடிதான். அட்லஸ் ஸ்நாப் டிராக்கில் 18 அங்குல ஆரம் கொண்ட வளைவுத் துண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு வட்டம். நேர்த்துண்டு ஒவ்வொன்றும் 9 அங்குலம். வட்டத்தை இரண்டாகப் பிரித்து, இருபக்கமும் ஐந்து நேர்த்துண்டுகள் வைத்தால் நீள்வட்டத்தின் அகலம் 36 அங்குலம், நீளம் 81 அங்குலம். 48 அங்குல அகலப் பலகையில் இருபுறமும் 6 அங்குலமும், 96 அங்குல நீளத்தில் இரு முனைகளிலும் 7.5 அங்குலமும் மிஞ்சும். சுற்றின் மொத்த நீளம் சுமார் 203 அங்குலம், அதாவது 5.2 மீட்டர்.

இதற்குத் தேவை 12 வளைவுகளும் 10 நேர்த்துண்டுகளும். மொத்தம் 22 துண்டுகள், 22 இணைப்புகள், இரு கம்பிகளுக்குமாக 44 இணைப்புத் தகடுகள். இதே சுற்றை 36 அங்குல வளையும் தண்டவாளத்தில் போட்டால் 6 துண்டுகள், 12 தகடுகள் போதும். தளரக்கூடிய இடங்களில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலானவை மட்டுமே எஞ்சுகின்றன.

22 அங்குல ஆரத்தில் 16 துண்டுகள் ஒரு வட்டம். நீளமான பயணிப் பெட்டிகளுக்கு இது நல்லது. ஆனால் வட்டத்தின் விட்டம் 44 அங்குலம் ஆவதால் பாதையின் நடுக்கோடு பலகையின் விளிம்பிலிருந்து 2 அங்குலத்தில் வந்துவிடும். விளிம்பில் தடுப்பு வைக்காவிட்டால் தடம் புரளும் எஞ்சின் நேரே தரையில் விழும். எனவே இந்தப் பலகைக்கு 18 அங்குல ஆரமும், குட்டையான எஞ்சினும், சரக்குப் பெட்டிகளும் பொருத்தமானவை.

4க்கு 2 அடி மேசையில் ‘என்’ அளவு: காட்டோ யூனிடிராக்கில் 249 மி.மீ. ஆரம் கொண்ட 45 பாகை வளைவுகள் 8 சேர்ந்தால் ஒரு வட்டம். விட்டம் 498 மி.மீ. மேசையின் அகலம் சுமார் 610 மி.மீ. என்பதால் இருபுறமும் 56 மி.மீ. மிஞ்சும். பக்கத்துக்கு இரண்டாக 248 மி.மீ. நேர்த்துண்டுகள் 4 சேர்த்தால் நீளம் 994 மி.மீ.; 4 அடி மேசையில் அடங்கும். மொத்தம் 12 துண்டுகளே. சுற்றின் நீளம் சுமார் 2.56 மீட்டர். விளையாட்டு முடிந்ததும் கழற்றி ஒரு சிறிய பெட்டியில் வைத்துவிடலாம்.

இந்த இரண்டு கணக்குகளைப் போலவே, கடைக்குச் செல்லும் முன் தாளில் வரைந்து துண்டுகளை எண்ணிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு வகையின் துண்டு விலையையும் எண்ணிக்கையால் பெருக்கி, முழுச் சுற்றுக்கான விலையை ஒப்பிட வேண்டும். தனித்துண்டின் விலையை மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றும். துண்டுகளின் நீளம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

## பதிக்கும்போது கவனிக்க வேண்டியவை

- இணைப்புகளின் மீது விரலை ஓட்டிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். விரலில் தட்டும் இடத்தில்தான் சக்கரமும் தட்டும்.
- இடப்பக்க வளைவை அடுத்து உடனே வலப்பக்க வளைவு வந்தால் பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துத் தடம் புரளும். இடையில் மிக நீளமான பெட்டியின் அளவுக்காவது ஒரு நேர்த்துண்டு வைக்க வேண்டும்.
- ஆணியை மிக இறுக்கமாக அடித்தால் சிலீப்பர் வளைந்து கம்பிகள் நெருங்கிவிடும்.
- ஈரத்தால் மரப்பலகை விரியும், சுருங்கும். பலகைக்கு முன்கூட்டியே பெயின்ட் அடிப்பதும், ஓரிரு இணைப்புகளில் விசிட்டிங் கார்டின் தடிமன் அளவு இடைவெளி விடுவதும் நல்லது.
- பெரிய சுற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து தொலைவில் ரயில் மெதுவானால் அதிக வோல்ட் தேவை என்று பொருளல்ல. இணைப்புகளில் மின்சாரம் இழக்கப்படுகிறது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு இடத்திலும் இரண்டு ஒயர்களை இணைத்தால் போதும். சில அடி ஒயர்தான் செலவு.
- பாதை வளைந்து வந்து தன்னையே எதிர்த்திசையில் சந்திக்கும் வளையத்தைத் தொடக்கத்தில் தவிர்க்க வேண்டும். அதில் இடக் கம்பி வலக் கம்பியைத் தொடுவதால் ஷார்ட் சர்க்யூட் உண்டாகும். தனி மின்னமைப்பு இல்லாமல் அதை ஓட்ட முடியாது.

## வெளிநாட்டுப் பெட்டியும் வீட்டு மின்சாரமும்

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். அங்கிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரை இங்குள்ள பிளக்கில் நேரடியாகச் செருகினால் அது எரிந்துபோகலாம், ஆபத்தும் உண்டு. அடாப்டரின் மீது 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே பயன்படுத்தலாம். இல்லையெனில் உள்ளூர் மின்சாரத்துக்கு ஏற்ற கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தனியே வாங்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்த பின்பே பெட்டி மலிவா என்று சொல்ல முடியும். தண்டவாளத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்த நாட்டில் வாங்கினாலும் பயன்படும்.

## பழைய தண்டவாளம் வாங்குதல்

ஏற்கெனவே பயன்படுத்திய தண்டவாளம் நல்ல சிக்கனம் தரும். ஆனால் சிலவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். உலோகத்தைக் காந்தத்தால் சோதிக்க வேண்டும். துண்டைக் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பார்த்தால் முறுக்கு தெரியும். சிலீப்பர்களிலிருந்து கம்பி பிரிந்திருந்தால் தள்ளிவிட வேண்டும். இணைப்புத் தகடு தளர்ந்திருப்பது பெரிய குறையல்ல. தகடுகள் தனியாகக் கிடைக்கும். நேர்த்துண்டு, வளைவுத்துண்டு ஆகியவற்றைப் பழையதாக வாங்குவதில் ஆபத்து குறைவு. பாயிண்டை மட்டும் ஒரு பெட்டியைக் கையால் உருட்டிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

## பராமரிப்பு

கம்பிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்தால் போதும். இதைப் பெரியவர்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். உப்புத்தாள் கூடாது, அது உண்டாக்கும் நுண்கீறல்களில் அழுக்கு முன்னைவிட வேகமாகச் சேரும். தண்டவாளத்தைத் துடைத்தும் ரயில் நின்றால் எஞ்சினின் சக்கரங்களையும் துடைக்க வேண்டும். தரைவிரிப்பின் மீது நேரடியாக ஓட்டினால் நூலும் முடியும் பற்சக்கரங்களில் சிக்கும். கீழே ஒரு அட்டையோ பலகையோ இருப்பது நல்லது.

## மிகச் சிறிய குழந்தைகள் உள்ள வீடு

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு மின்தண்டவாளம் ஏற்றதல்ல. சிறு தகடுகளையும் ஆணிகளையும் விழுங்கும் ஆபத்து உண்டு. அவர்களுக்குச் சுவீடனின் பிரியோ போன்ற மரத்தண்டவாளங்களோ, ஜப்பானின் பிளாரெயில் போன்ற நீலநிறப் பிளாஸ்டிக் தண்டவாளங்களோ பொருத்தமானவை. பிளாரெயிலில் பேட்டரி எஞ்சினுக்குள்ளேயே இருப்பதால் தண்டவாளத்தில் மின்சாரம் இல்லை. தூசும் துருவும் ஓட்டத்தைத் தடுப்பதில்லை. குழந்தை வளர்ந்தபின் மின்ரயிலுக்கு மாறுவதே பணத்தையும் பொருளையும் காக்கும்.

## எதில் செலவிடலாம், எதில் குறைக்கலாம்

நிலையான இடம் இல்லாத குடும்பம் நிக்கல் சில்வர் கம்பியும் பூட்டும் அடித்தளமும் கொண்ட துண்டுகளை வாங்குவது நல்லது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பலகையை நிலையாக வைக்க முடிந்த குடும்பத்துக்குச் சாதாரணக் கோடு 100 துண்டுகள் போதும். கைத்திறன் உள்ளோர் நேர்ப்பகுதிகளுக்கு வளையும் தண்டவாளத்தைப் பயன்படுத்தி இணைப்புகளையும் செலவையும் குறைக்கலாம். உலோகத்திலும் பாயிண்டிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. மின்சாரப் பாயிண்ட், மெல்லிய கம்பி, சுற்றுக்குள் சுற்று, காட்சி அலங்காரம் ஆகியவற்றைத் தள்ளிப்போடலாம். ஒரு சிறிய சுற்று, இரண்டு பாயிண்டுகள், சுத்தமான கம்பி ஆகியவற்றுடன் ரயில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால், அடுத்த துண்டை எப்போது வாங்கலாம் என்று குழந்தைகளே கேட்கத் தொடங்குவார்கள்.